அண்ணி பயப்படாத ஒரு வாரம்

என் அண்ணி பயப்படுவதற்கென்றே பிறந்தவள். இடிக்கும் மின்னலுக்கும் பயப்படுகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அண்ணிக்கு வானம் வெளுத்துக் கிடந்தாலும் பயம்தான். "என்னது, ஒரு மேகத்தைக்கூடக் காணோம்?" என்று ஜன்னலை எட்டிப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், மறுபடி திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். லிஃப்டில் ஏறவே மாட்டாள். போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே முகம் வெளிறிப்போகும். என் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் சைரன். காலையில் கண் விழித்ததுமே, "என்ன, இன்னைக்கு இன்னும் ஊதலையா?" என்றுதான் கேட்பான்.

என் கணவர் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். இதற்கு முன்னால் எனக்கு ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை வயிற்றில் பிள்ளையோடு நான் தனியாக இருக்கக் கூடாது என்று அண்ணன் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் பூராவும் யார் யார் முகத்திலோ சட்டத்தை மாட்டி, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று இனிக்க இனிக்கக் கேட்க வேண்டும். என் பொறுமையெல்லாம் கடையோடு சரி. வீட்டுக்கு வந்தால் எனக்கு மூக்கு மேல் கோபம்.

அண்ணி செய்த வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, ஸ்டீராய்டு என்கிற ரசாயனங்களைத் தின்று பிழைக்கிறது. அதற்காக அது ஒரு நொதியை வைத்திருக்கிறது. நொதி என்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்து, அந்தச் சரத்தைச் சுருட்டிவைத்த மாதிரி ஒரு பொருள். நடுவில் ஒரு குழி இருக்கும். ஸ்டீராய்டு அதற்குள் போய் உட்காரும், உருமாறி வெளியே வரும். அண்ணியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தச் சரத்தில் ஒரே ஒரு மணியை எடுத்துவிட்டு வேறொன்றைக் கோத்து, நொதி என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். வருஷக்கணக்காக இதே வேலைதான்.

அதிலும் அவளுக்குப் பயம்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"குழிக்குள்ள டைரோசின்னு ஒரு மணி இருக்கு. அதை எடுத்துட்டு ஃபீனைல்அலனின் வச்சேன். ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு மாதிரிதான். ஒரே ஒரு ஆக்சிஜன்தான் கம்மி. மொத்த நொதியும் படுத்துடுச்சு. அசையவே இல்ல."

"அப்ப அந்த டைரோசின்தான் வீட்டுக்காரம்மா," என்றான் அண்ணன்.

"சிரிக்காதீங்க. பக்கத்துல இருக்கிற லைசினை மாத்தினாலும் இதே கதிதான். நம்ம உடம்புல இந்த மாதிரி எத்தனை நொதி இருக்கு தெரியுமா? எதுல எந்த மணி மாறியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அன்று அவள் சாப்பிடவில்லை. நாங்கள் சாப்பிட்டோம்.

இந்தப் பயத்தோடே அவள் ஒரு நல்ல காரியமும் செய்திருந்தாள். நம் பித்தத்தில் இருக்கும் அமிலமும் ஸ்டீராய்டு சாதியைச் சேர்ந்தது. அதனால் ரத்தத்தில் பித்த அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க இந்த நொதியையே பயன்படுத்தலாம். ஒரே தொல்லை, குளிரில் வைக்காவிட்டால் கெட்டுப்போகும். அண்ணி அந்தக் குழியின் வாசலில் இருந்த அலனின் என்கிற சின்ன மணியை எடுத்துவிட்டு, டிரிப்டோபான் என்கிற பெரிய மணியை வைத்தாள். நொதி கெட்டிப்பட்டுவிட்டது. மேஜைமேல் கிடந்தாலும் வேலை செய்தது. நீல மூடி போட்ட சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து, சில ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளோட்டமாகக் கொடுத்தார்கள். அண்ணி பெருமைப்பட்டாளா? மின்சாரம் போனால்கூடத் தாங்கும் என்று ஆராய்ச்சிக்கூடத் தலைவர் மேடையில் சொன்னபோது, மேடை தாங்குமா என்று இவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எட்டாம் மாதம் எனக்கு அரிப்பு ஆரம்பித்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும். மேலே ஒரு தடிப்புக்கூட இல்லை. தோலுக்கு அடியில் யாரோ உப்புத்தாளால் தேய்க்கிற மாதிரி இருந்தது. தலைசீவும் சீப்பை எடுத்துக் காலைச் சொறிந்தேன். கடையில் ஒரு வாடிக்கையாளர் முகத்தில் கண்ணாடியை மாட்டப் போனவள் சட்டத்தாலேயே உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அண்ணிதான் என்னை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோல்ல ஒண்ணுமே இல்லையேம்மா. கை கால்ல மட்டும் அரிப்புன்னா ரத்தத்துல பித்த அமிலம் ஏறியிருக்கான்னு பாத்துடணும்."

"ஏறியிருந்தா என்ன ஆகும் டாக்டர்?"

"உனக்கு அரிப்போட போயிடும். ஆபத்து குழந்தைக்குத்தான். ரொம்ப ஏறிடுச்சுன்னா, எந்த அறிகுறியும் காட்டாம திடீர்னு துடிப்பு நின்னுடலாம். அதனால அளவு அதிகமா இருந்தா காத்திருக்க மாட்டோம், முன்னாடியே எடுத்துடுவோம்."

அண்ணியின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன. எந்த அறிகுறியும் காட்டாமல் என்று அவர் சொன்னது காதை விட்டுப் போகவே இல்லை.

மறுநாள் முடிவு வந்தது. நார்மல்.

டாக்டரம்மா ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, வெந்நீரில் குளிக்காதே என்றார். அண்ணி அத்தோடு விடுகிற ஆளா? ரத்தம் பார்க்கும் அறைக்குப் போய், அங்கிருந்த பரிசோதகரை வாசலிலேயே மடக்கினாள்.

"எதுல பாத்தீங்க? குளிர்ல வச்சிருந்தீங்களா? கரண்ட் எதுவும் போச்சா?"

"குளிரே வேண்டாம் மேடம். புதுசா வந்திருக்கு பாருங்க," என்று அவர் ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். நீல மூடி.

அண்ணி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னோடது," என்றாள். பிறகு சிரித்தாள். அவள் வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். கீழே இறங்குவதற்கு லிஃப்டில் ஏறினாள். நான் மாடிப்படியருகே நின்றபடி அவளையே பார்த்தேன். "வா, என்ன பாக்குற?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் சைரன் ஊதவில்லை. அண்ணி பூட்டிய கதவைத் திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனாள். போன் அடித்தால் சாதாரணமாக எடுத்தாள். அண்ணன் கேலி செய்துபார்த்தான், அசரவில்லை. "பழுதாயிடுச்சா? ஆளை வரச் சொல்லட்டுமா?" என்றான். "உங்க வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

எனக்கோ அரிப்பு ஏறிக்கொண்டே போனது. களிம்பைத் தடவினால் அதன் மேலேயே சொறிந்தேன். குளிர்ந்த தரையில் உள்ளங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும், பிறகு இரட்டிப்பாக வரும். சிறுநீர் கறுத்துப் போனது. வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் நான் மூச்சை விட்டேன். அடுத்த உதை வரும்வரை அந்த மூச்சை மறுபடி பிடித்துக்கொண்டேன். இரண்டாவது முறையும் ரத்தம் பார்த்தார்கள். அதே நீல மூடி, அதே நார்மல். டாக்டரம்மா களிம்பை மட்டும் மாற்றினார்.

"அண்ணி, எனக்கு என்னமோ சரியாப் படல," என்றேன் ஒரு நாள் காலை.

"ரெண்டு தடவை நார்மல்னு வந்துடுச்சே. அப்புறம் என்ன?"

"நீங்களா இப்படிப் பேசறீங்க?"

"வேற எதுவா இருந்தாலும் நானும் பயந்திருப்பேன். இது நான் பண்ணின நொதி. ஒவ்வொரு மணியா பாத்துப் பாத்துக் கோத்தது. பொய் சொல்லாது." என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை எனக்காகவும் சேர்த்து அவள்தான் பயந்துகொண்டிருந்தாள். கேலி செய்துகொண்டே அந்த நிழலில் நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம். இப்போது அவள் அந்தப் பயத்தைக் கழற்றிப் போட்டுவிட்டாள். இந்தப் பிள்ளைக்காகப் பயப்பட என்னைத் தவிர ஆளில்லை. எனக்கோ எப்படிப் பயப்படுவது என்றே சரியாகத் தெரியவில்லை. பயம் கோபமாக மாறியதும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

அது நீண்ட தாழ்வாரம். பாக்டீரியா வளர்க்கிற திரவத்தின் வாடை, ஆறிப்போன சூப் மாதிரி எங்கும் பரவியிருந்தது. குடுவைகளைக் குலுக்கும் மெஷின் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அங்கேயே நில்லு! கர்ப்பிணிங்க உள்ள வரக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு பாரு!"

"அப்பாடா, ஊதிட்டீங்களா," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என் ரத்தத்தை எடுத்து நீங்களே உங்க கையால பாருங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்காரங்க வேண்டாம். நீங்க பாத்து நார்மல்னு சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

அவள் என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. ஒரு வாரமாக அவள் அதைப் பார்க்கவில்லை. உடனே கீழே இருந்த மருத்துவ அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த நர்ஸ் ரத்தம் எடுத்தார். அதைச் சுழற்றித் தெளியவைத்து அண்ணி உள்ளே கொண்டுபோனாள். எனக்கு வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது.

எந்தச் சோதனையானாலும், மாற்றாத பழைய நொதியையும் பக்கத்திலேயே வைத்துச் செய்வது அவர்கள் வழக்கம். பாக்டீரியா தனக்காக வைத்திருந்த அதே நொதி. ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் அதை விட்டாள், இன்னொன்றில் தான் திருத்தியதை விட்டாள். இரண்டிலும் என் ரத்தத்தின் தெளிவு. வெளிச்சம் பாய்ச்சி அளக்கும் மெஷினில் வைத்ததும், திரையில் இரண்டு கோடுகள் கிளம்பின. பித்த அமிலம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கோடு ஏறும். சிவப்புக் கோடு பழையதற்கு. அது மளமளவென்று ஏறியது. அண்ணியின் நீலக் கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது.

அண்ணி மறுபடியும் செய்தாள். மறுபடியும் சிவப்பு ஏறியது, நீலம் ஊர்ந்தது. அவள் குளிர்பெட்டியைத் திறந்து, கைக்கு எட்டும் தட்டில் இருந்த ஒரு பித்த அமிலப் புட்டியை எடுத்து, என் ரத்தத்துக்குப் பதிலாக அதைப் போட்டுப் பார்த்தாள். இந்த முறை இரண்டு கோடும் ஒன்றாக ஏறின, அக்கா தங்கை கை கோத்துக்கொண்டு போகிற மாதிரி. அவள் அந்தப் புட்டியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு கதவுக்கு வெளியே இருந்த என் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்த பயமெல்லாம் விளையாட்டுப் பயம் என்று அப்போது தெரிந்தது.

வெளியே வந்து என் நாற்காலி அருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வால்," என்றாள்.

"என்ன வால்?"

"புட்டில இருக்கிற பித்த அமிலத்துக்கு வால் கிடையாது. நான் எல்லாத்தையும் இதுலதான் பாத்தேன். இங்க எல்லாருமே இதுலதான் பாப்போம், சுலபமா கிடைக்கும். ஆனா உடம்புல ஓடுற அமிலத்துக்கு வால் உண்டு. ஈரல் அது பின்னாடி கிளைசின், டாரின்னு ஏதாவது ஒரு சின்னப் பொருளைக் கட்டித்தான் அனுப்பும். தலை உள்ள போய் டைரோசின்கிட்ட நிக்கும், வால் வாசல்ல தொங்கும். அந்த வாசல்லதான் நான் டிரிப்டோபானைக் கொண்டுபோய் உக்கார வச்சிருக்கேன். இவ்வளவு பெருசு. வாலோட வர்றது உள்ளயே போக முடியல."

"அப்ப எனக்கு?"

"நிறைய ஏறியிருக்கு. ரொம்ப. யாருக்கெல்லாம் ரொம்ப ஏறியிருக்கோ அவங்க ரத்தத்துல முக்கால்வாசி வால் இருக்கிறதுதான். அவங்களுக்குத்தான் என் நொதி நார்மல்னு சொல்லும்."

நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உதை வரவில்லை. இப்போதுதானே உதைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்போது உதைத்தது என்று நினைவில்லை. பிறகு மெதுவாக ஒரு புரளல் வந்தது. நான் சத்தமாகவே அழுதேன்.

சத்தம் கேட்டு அண்ணியின் தலைவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோடுகளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவர் சொன்னது அவர்கள் தொழிலுக்குச் சரியான பேச்சுதான்.

"ஒரே ஒருத்தர் ரத்தம்மா இது. இன்னும் நாலஞ்சு பேரோடதுல பாப்போம். உறுதியானதும் முறையா எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதுவோம். இப்பவே கிளப்பிவிட்டா, நாளைக்கு வேற ஏதாவது காரணம்னு தெரிஞ்சா, யாரும் நம்மள நம்ப மாட்டாங்க."

அண்ணி எழுந்தாள். வாழ்க்கையில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"சார், எனக்குப் பயமா இருக்கு."

"அதுதான் உனக்கு எப்பவும் இருக்கே."

"இல்ல சார். ஒரு வாரமா இல்ல. அதுதான் தப்பாப் போச்சு." என் பக்கம் கையைக் காட்டினாள். "நார்மல்னு கேட்டுட்டு வீட்ல உக்காந்து சொறிஞ்சிக்கிட்டு இருக்காங்களே சார், இவள மாதிரி. அவங்களுக்கு நாம நாலஞ்சு பேரைப் பாக்கிற வரைக்கும் நேரம் இருக்கான்னு நமக்குத் தெரியாது."

அவர் எதிரிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். போன் காதில் நிற்கவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். "டாக்டர், என் நொதி தப்பு. நான்தான் பண்ணினேன், நான்தான் சொல்றேன். என் நாத்தனாரை இப்பவே கூட்டிட்டு வரேன். வேற முறையில பாருங்க. மத்தவங்களையும் கூப்பிடுங்க, எல்லாரையும்." தலைவர் இன்னொரு முறை கோடுகளைப் பார்த்தார். பிறகு நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டு, தன் போனை எடுத்து அடுத்த ஆஸ்பத்திரியின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

டாக்டரம்மா பழைய முறையில் பார்த்தார். முடிவைப் படித்ததும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "இன்னைக்கே எடுத்துடலாம்," என்றார்.

என்னைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து லிஃப்டில் ஏற்றினார்கள். அண்ணி ஏறவில்லை. மாடிப்படி வழியாக ஓடி வந்து, நான் வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஊசி போட்டார்கள், பாதி உடம்பு என்னுடையதாக இல்லாமல் போனது. பிள்ளையை எடுத்த பிறகு சத்தம் வரவில்லை. ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் எதையோ கேட்டார். யாரோ வேகமாக நடந்தார்கள். அந்த இடைவெளியில் நான் கப்பலில் இருக்கும் கணவரிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் கேட்டது. பெண் குழந்தை.

குறைமாதம் என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். என் கட்டிலுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதே நொதியில் ரத்தம் பார்த்து நார்மல் என்று அனுப்பப்பட்டிருந்த மற்ற பெண்களுக்கு அண்ணி போன் செய்துகொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார்கள். இவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. எல்லாரும் கிடைத்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் எடுக்கவே இல்லை. அடித்து அடித்து, கடைசியில் எடுத்த அந்தப் பெண் சண்டைக்கே வந்துவிட்டாள். எனக்கு இங்கே கேட்டது.

"நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப எதுக்குப் பயமுறுத்தறீங்க?"

"ஆமாங்க," என்றாள் அண்ணி. "பயப்படுங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், இன்னைக்கு ஒரு நாள் பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

அந்தப் பெண் வந்தாள். அவளையும் அன்றே உள்ளே சேர்த்தார்கள்.

மறுநாள் காலை குழந்தை டாக்டர் வந்து பெட்டிக்குள் கையை விட்டு எங்கள் பெண்ணைத் தொட்டுத் தட்டிப் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "கவலைப்படாதீங்க. எல்லாம் நார்மல்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் உடம்பெல்லாம் சில்லிட்டது. அவர் போகும்வரை சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, அண்ணியின் புடவைத் தலைப்பை இழுத்தேன்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கா?"

அண்ணி பெட்டியின் மேல் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குவதும் அதை அவள் துடைப்பதுமாக இருந்தாள்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்றாள். "ஏன் இவ்வளவு வேகமா மூச்சு விடறா? விரல் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? இந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டியா? நான் போய்க் கேட்டுட்டு வரேன். இல்ல, வேண்டாம், நான் போனா யாரு பாத்துக்கறது? நீ தூங்கு. நான் இங்கேயே இருக்கேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அரிப்பு தொடங்கிய நாளிலிருந்து அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.